நாலு காலில் நிற்கும் பட்டாம்பூச்சிகள்: செட்டிநாட்டுச் செடிகளை வைத்து ஓர் அறிமுகம்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் சாலையோரத்து எருக்கில் ஓர் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தால், சிறகை விட்டுவிட்டு முதலில் காலை எண்ணுங்கள். நாலுதான் தெரியும். பூச்சி என்றால் ஆறு கால் இருக்க வேண்டுமே, மற்ற இரண்டும் எங்கே? ஒடிந்துபோகவில்லை. முன்னங்கால் இரண்டும் மிகச் சிறுத்து, தலைக்குக் கீழே நெஞ்சோடு நெஞ்சாக மடங்கிக் கிடக்கின்றன. நடக்கவும் நிற்கவும் அவை உதவுவதில்லை. ஆணுக்கு அந்தக் காலில் முடி அடர்ந்து சின்னத் தூரிகை போல இருக்கும். அதனால்தான் இந்தக் குடும்பத்துக்குத் தூரிகைக்காலிகள் என்று பெயர். அறிவியலில் நிம்ஃபாலிடே.

பட்டாம்பூச்சிக் குடும்பங்களிலேயே பெரியது இதுதான். உலகம் முழுக்கச் சுமார் 6,000 இனங்கள். தமிழ்நாடு 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அது மலைக்காட்டுப் பூச்சி, செட்டிநாட்டுச் செம்மண் காட்டில் தேடி அலைய வேண்டாம். இங்கே பார்க்கக் கிடைப்பவை வேறு. வகைப்பாடு கற்றுக்கொள்ள அவையே போதும்.

காலை எண்ணுவது எளிது என்று தோன்றும். முதல் முறை எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் எண்ணுவார்கள். வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பறக்கிற பியரிடே குடும்பத்துக்கும், கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் வருகிற ‘அழகி’ வகைப் பட்டாம்பூச்சிகளுக்கும் ஆறு காலும் முழுசாக உண்டு. ஆனால் பூவிதழுக்குப் பின்னால் ஒரு ஜோடி மறைந்துவிட்டால், படத்தில் நாலுதான் தெரியும். உடனே தூரிகைக்காலி என்று குறித்துவிடுவோம். அதனால் ஒரே படத்தை நம்பக் கூடாது. பக்கவாட்டில் ஒன்று, சற்று முன்னால் போய்க் கீழிருந்து ஒன்று என இரண்டு கோணம் வேண்டும். காலை வெயில் ஏறி உடம்பு சூடாகும் முன், சிறகை விரித்துக் குளிர்காயும் நேரத்தில் போனால் கிட்டத்தில் விடும்.

இன்னொரு குழப்பம், முகத்துக்கு முன்னால் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டி உறுப்புகள். உணர்கொம்புகளுக்கு நடுவில் இருக்கும். அவை உதட்டுணரிகள், கால் அல்ல. சிறுத்த முன்னங்கால்கள் தலைக்குக் கீழே, பின்னோக்கிப் போகிற பக்கம் இருக்கும்.

சின்ன நீலப் பட்டாம்பூச்சிகளில் ஆணின் முன்னங்கால் கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனாலும் அதை ஊன்றித்தான் நடக்கும். அதை இதோடு சேர்க்கக் கூடாது. ரியோடினிடே என்ற குடும்பத்தில் ஆணுக்கு நாலு, பெண்ணுக்கு ஆறு. அவை மலைப்பக்கம் இருப்பவை, இங்கே தொல்லை தரா. தூரிகைக்காலிகளுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கும் உண்டு: லிபிதியினே என்ற பிரிவில் உதட்டுணரி அலகு மாதிரி நீண்டிருக்கும், அந்தப் பெண்களுக்கு முன்னங்கால் முழு அளவில் இருக்கும். நாலு கால் என்பது நல்ல அடையாளம்தான், ஆனால் கடைசித் தீர்ப்பு அல்ல.

தீர்ப்பு வேண்டுமென்றால் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். வண்டியில் அடிபட்டுச் சாலையோரம் கிடக்கும் ஒன்றை எடுத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உணர்கொம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நீளவாக்கில் மூன்று மேடு, நடுவே இரண்டு பள்ளம் ஓடும். தூரிகைக்காலிகள் அனைத்துக்கும் பொதுவான அடையாளம் அது. செத்த பூச்சி கையில் இருக்கும்போதே ஊசியால் முன்னங்காலையும் மெல்ல நெம்பிப் பாருங்கள். ஆணுக்குப் பாதம் ஒரே துண்டாய், முடியாய் இருக்கும். பெண்ணுக்கு முடி குறைவு, பாதத்தில் நாலைந்து கணு, அடியில் குட்டி முட்கள்.

அந்த முட்களுக்குப் பக்கத்தில் சுவை அறியும் நுண்முடிகள் இருக்கின்றன. முட்டையிட வந்த பெண், இலையில் அமர்ந்ததும் முன்னங்காலால் படபடவென்று தட்டும். இது நம் பிள்ளைக்குத் தோதான இலைதானா என்று ருசி பார்க்கிற வேலை அது. நடக்கப் பயன்படாத காலை இந்த வகைப்பாடே சுற்றி வருவது ஏன் என்பதற்கு அதில் விடை இருக்கிறது: செடியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் இவற்றின் பிழைப்பு. எந்தப் பிரிவு எந்தச் செடிக்குப் போகிறது என்பது தெரிந்தால், பாதி வகைப்பாடு தெரிந்த மாதிரி.

குடும்பத்துக்குள் குடும்பம்

நகரத்தார் ஒன்பது கோயில்களாகப் பிரிந்திருப்பதும், இளையாற்றங்குடிக்கும் மாத்தூருக்கும் உள்ளே மேலும் உட்பிரிவுகள் இருப்பதும் செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏறக்குறைய அந்த அடுக்குதான் இதுவும். நிம்ஃபாலிடே என்ற குடும்பத்துக்குள் துணைக்குடும்பங்கள், அதற்குள் இனக்குழுக்கள், அதற்குள் பேரினம், கடைசியில் இனம். பெயரின் வாலைப் பார்த்தே எந்தப் படி என்று சொல்லலாம். ‘இடே’ என்று முடிந்தால் குடும்பம், ‘இனே’ என்றால் துணைக்குடும்பம், ‘இனி’ என்றால் இனக்குழு. வீட்டு வாசல் செடியில் வந்து உட்காரும் எலுமிச்சை வசீகரனை எடுத்துக்கொண்டால்: நிம்ஃபாலிடே, நிம்ஃபாலினே, ஜூனோனியினி, பிறகு ஜூனோனியா லெமோனியாஸ். தமிழ்ப் பெயர்கள் பட்டியலுக்குப் பட்டியல் மாறுவதால், குறிப்பேட்டில் கடைசி இரண்டு சொல்லையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

உயிரினங்களுக்கு இருசொல் பெயர் முறை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் பட்டாம்பூச்சிகளையெல்லாம் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தில் போட்டு, அதற்குள் சில கூட்டங்களாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று நிம்ஃபாலெஸ், இன்னொன்று டனாய். பிற்காலத்தில் டனாய்டே, சாடிரிடே, அக்ரேயிடே என்று தனித்தனிக் குடும்பங்களாகவே சில பழைய புத்தகங்கள் பிரித்தன. இன்றைக்கு அவை எல்லாம் நிம்ஃபாலிடேவுக்குள் துணைக்குடும்பங்கள், அல்லது அதற்கும் கீழே. காரணம் எளியது. மரபணுவை வைத்து உறவுமரம் வரைந்தபோது, லிபிதியினே முதலில் பிரிகிறது, அடுத்து டனாயினே, அதற்குப் பிறகே மற்றவை கிளைக்கின்றன. இடையிலிருந்து சாடிரினேயைப் பிடுங்கித் தனிக்குடும்பம் ஆக்கினால், மிச்சம் இருப்பது ஒரே மூதாதையிலிருந்து வந்த முழுக் கூட்டமாக நிற்காது. எனவே பழைய புத்தகத்தில் டனாய்டே என்று பார்த்தால் அது தவறு என்று பதற வேண்டாம். அதே பூச்சிதான், படி மட்டும் இறங்கியிருக்கிறது.

இப்போது பெரும்பாலும் ஏற்கப்படும் துணைக்குடும்பங்கள் பன்னிரண்டு. அவற்றில் காலினாகினே இமயமலைப் பக்கத்தது. லிபிதியினே, அபடூரினே, சிரெஸ்டினே, சூடெர்கோலினே எல்லாம் பெரும்பாலும் காட்டுக்காரர்கள். நமக்கு வேண்டியவை மிச்சம் ஏழு.

எருக்கு, அரளி: டனாயினே

எருக்கில் புழுவாய் வளர்வது வெந்தய வரியன், டனாவுஸ் கிறிசிப்பஸ். புழுவுக்கு முள் கிடையாது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களுடன், முதுகில் மூன்று ஜோடி மெல்லிய கறுப்புக் கொம்புகள் ஆடும். கோயில் நந்தவனத்து அரளியிலும், வேலியோர நன்னாரியிலும் இருக்கும் வெண்புள்ளிக் கருப்பனின் புழுவுக்கு நாலு ஜோடி. நீல வரியனுக்கு இரண்டே ஜோடி. கொம்பு ஜோடியை எண்ணினாலே இந்த மூன்றையும் பிரித்துவிடலாம். கருப்பனின் கூட்டுப்புழுவை அரளி இலைக்கு அடியில் பார்த்தால், வெள்ளியில் செய்து தொங்கவிட்ட மாதிரி பளபளக்கும்.

பால் வடியும் செடியைத் தின்பதால், அந்த நஞ்சு இவற்றின் உடம்பில் ஏறியிருக்கும். பறவை ஒருமுறை தின்றால் மறுமுறை தொடாது. அதனால் அவசரம் இல்லாமல், மிதந்து மிதந்து பறக்கும். நெஞ்சில் கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள், உணர்கொம்பில் செதில் இல்லாமை, தோல் கெட்டியாய் இருத்தல் ஆகியவை துணை அடையாளங்கள்.

கண்மாய்க் கரையில் காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலோ, கிலுகிலுப்பையிலோ வரியன்களும் கருப்பன்களும் மொய்த்திருந்தால், அவை தேன் குடிக்க வந்தவை அல்ல. பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடிகளில் இருக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இவை கூட்டங்கூட்டமாகக் கிழக்குச் சமவெளிக்கு வரும், பிறகு திரும்பும். ஒரே திசையில் விடாமல் நூற்றுக்கணக்கில் பறந்தால் அதைக் குறித்து வைப்பது பயனுள்ள தகவல்.

வளர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் கூட்டம்தான் வசதி. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும், எனவே இலை கிள்ளிய கையால் முகத்தைத் தொடவே கூடாது, பிள்ளைகளைக் கிள்ளவும் விடக் கூடாது. கிள்ளிய காம்பைத் தண்ணீரில் ஒருமுறை கழுவி, பால் வடிவது நின்ற பிறகு டப்பாவில் வையுங்கள். டப்பாவை மூடி அடைத்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துப் புழு கறுத்துச் சாகும், வலைத்துணியால் கட்டினால் போதும். தினமும் எச்சத்தைத் தட்டிவிட்டு இலையை மாற்ற வேண்டும். கூட்டுப்புழு தொங்குவதற்கு மேலே கொஞ்சமாவது இடம் விடாவிட்டால், வெளிவரும் சிறகு முழுதாக விரியாமல் சுருண்டுவிடும். கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சிறு ஈக்கள் வந்தால், அவை புழுவை உள்ளிருந்து தின்று வளரும் டக்கினிட் ஈக்கள். வளர்ப்பில் நேர்ந்த பிழை அல்ல, முட்டையாக இருக்கும்போதே எடுத்து வளர்த்தால் இது குறையும்.

பருப்புக்கீரையில் வேடம்

சிறகை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. டனாய்ட் எக்ஃப்ளை, அதாவது ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ். ஆண் கறுப்பு, சிறகில் பெரிய வெள்ளை வட்டங்கள், விளிம்பில் ஊதா மினுக்கு. பெண்ணோ வெந்தய வரியனை அப்படியே உரித்து வைத்த மாதிரி. நஞ்சு இல்லாதது நஞ்சுள்ளதைப் போல வேடமிட்டுத் தப்பிக்கிறது. ஆணும் பெண்ணும் வேறு வேறு பூச்சி என்றே தொடக்கத்தில் நினைப்பீர்கள்.

எப்படிப் பிரிப்பது? பின்சிறகைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கும், ஆணுக்கு வாசனைப்பையோடு நாலு. எக்ஃப்ளைப் பெண்ணுக்கு முன் விளிம்பருகே ஒரே ஒரு புள்ளிதான், சிறகோரமும் லேசாக வெட்டுவெட்டாக இருக்கும். பறக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. உட்காரும் வரை பொறுங்கள். எக்ஃப்ளை நிம்ஃபாலினே, வரியன் டனாயினே. எக்ஃப்ளையின் புழுவுக்கு உடம்பெல்லாம் முள், தலையில் இரண்டு கொம்பு. தின்பது தோட்டத்துப் பருப்புக்கீரை. புழு நிலையில் பார்த்துவிட்டால் குழப்பமே வராது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற பூச்சி இது, எனவே பிடிக்கவோ குத்தி வைக்கவோ கூடாது. படம் போதும்.

இதே நிம்ஃபாலினேயில்தான் வசீகரன்களும். ஊருணிக்கரை நீர்முள்ளியிலும் பொடுதலையிலும் மயில் வசீகரன், செம்முள்ளியில் நீல வசீகரனும் மஞ்சள் வசீகரனும். மயில் வசீகரனில் ஒரு பொறி இருக்கிறது. மழைக்காலத்தில் பிறந்தால் சிறகின் அடிப்பக்கம் கண்புள்ளிகள் இருக்கும். வறட்சியில் பிறந்தால் புள்ளிகள் மங்கி, சிறகுநுனி கொக்கி போல நீண்டு, மூடினால் காய்ந்த இலை. லின்னேயஸே இதை அல்மானா, அஸ்டெரியே என்று இரண்டு இனமாகப் பெயரிட்டுவிட்டார். செட்டிநாட்டில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், மற்ற மாதங்களில் மழை குறைவு. எனவே தையில் பார்ப்பதையும் கார்த்திகையில் பார்ப்பதையும் ஒரே அளவுகோலில் வைத்தால் இல்லாத இனம் ஒன்று பட்டியலில் சேர்ந்துவிடும்.

புளி, மா, ஆமணக்கு

புளியஞ்சாலையில் தலைக்கு மேலே வேகமாகச் சீறிப் பறக்கும் கறுப்பு, சிறகுக்குக் குறுக்கே வெளிர் பட்டை, பின்சிறகில் இரண்டு குட்டி வால். அது பிளாக் ராஜா, சராக்ஸீஸ் சோலோன். துணைக்குடும்பம் சராக்ஸினே. புழு பச்சையாய்ப் புளியிலையோடு கலந்திருக்கும், தலையில் மட்டும் கிரீடம் போல நாலு கொம்பு. இதைப் பூவில் தேடிக் காத்திருப்பது வீண். அழுகிய பழம், கள், சாணம், மரப்பிசின் ஆகியவைதான் இதன் சாப்பாடு.

கீழே இறக்க ஒரு வழி உண்டு. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, வெல்லம் சுமார் 50 கிராம், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, துணி கட்டி இரண்டு நாள் நிழலில் வைத்துப் புளிக்க விடுங்கள். தட்டில் தேங்காய் நாரைப் பரப்பி அதன் மேல் ஊற்றி, மரக்கிளையில் தலை உயரத்தில் கட்டுங்கள். நார் இல்லாமல் ஊற்றினால் பூச்சி அதில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். கயிற்றில் நடுவே விளக்கெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றாவிட்டால் எறும்புதான் முதலில் வரும். வெயிலில் வைத்தால் கூழ் காய்ந்து வாசனை போய்விடும். வந்து உட்காருவது எது, வராதது எது என்பதே வகைப்பாட்டுக்கு ஒரு குறிப்பு: ராஜாவும், அடுத்துச் சொல்லப்போகும் பாரனும் வரும், அந்தியில் ஈவினிங் பிரவுன் என்ற மங்கிய நிறப் பூச்சி வரும், பக்கத்திலேயே பறந்தாலும் வரியன்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாந்தோப்பில் காமன் பாரன், யூத்தேலியா அக்கோந்தியா. லிமெனிடிடினே. இதன் புழுவை ஒருமுறை கண்டுபிடித்தால் மறக்க முடியாது. பச்சை உடம்பின் இரு பக்கமும் இறகு மாதிரி முள் விரிந்திருக்கும், முதுகில் ஒரு வெளிர் கோடு. மாவிலையின் நடுநரம்பின் மேல் அந்தக் கோடு சரியாகப் பொருந்தும்படி படுத்துக்கொள்ளும். இலையில் கடித்த விளிம்பு இருந்தும் புழு இல்லை என்றால், நடுநரம்பை விரலால் தடவாமல், சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

ஆமணக்கில் காமன் காஸ்டர், அரியாட்னே மெரியோனே. பிப்ளிடினே. சிவந்த பழுப்பில் அலையலையாய்க் கறுப்புக் கோடுகள், அதிக உயரம் பறக்காமல் செடியைச் சுற்றியே வட்டமிடும். ஆமணக்கு இலையைச் சல்லடையாக்குவது பெரும்பாலும் இது அல்ல. வழுவழுவென்று, உடம்பை வளைத்து வளைத்து நடக்கும் புழு இருந்தால் அது அக்கேயா ஜனாட்டா என்ற அந்துப்பூச்சியின் வாரிசு. காஸ்டரின் புழு முள் உடையது, வளைந்து நடக்காது.

ஓரிதழ்த்தாமரையும் சொத்தைக்களாவும்

ஹெலிகோனினே இங்கே இரண்டு முகம் காட்டும். செம்மண் தரையில் ஓரிதழ்த்தாமரை, வேலியில் சிறுபூனைக்காலி இருந்தால் டானி கோஸ்டர் இருக்கும். குறுகிய செங்காவிச் சிறகு, தரையை ஒட்டித் தளர்ந்த பறத்தல். பிடித்தால் மஞ்சள் திரவம் கசியும், அதுவும் நஞ்சுக்காரர்தான். முள்காட்டுச் சொத்தைக்களாவில் காமன் லெப்பர்ட் சிறகைத் துடிதுடிக்க வைத்துக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம்கூடச் சும்மா உட்காராது. பார்வைக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத இவற்றைச் சேர்த்து வைப்பது உறவுமரம்தான்.

புழுவில் குழம்பினால் கூட்டுப்புழுவுக்குப் போங்கள். தூரிகைக்காலிகளின் கூடு வால்நுனியால் மட்டும் பற்றித் தலைகீழாகத் தொங்கும். அழகிகளுக்கும் பியரிடே குடும்பத்து வெள்ளையன்களுக்கும் இடுப்பில் ஒரு பட்டு நூல் கட்டு இருக்கும். கதவு நிலையில், கம்பியில், மாடத்து அடியில் தொங்குவதை ஒரு நொடியில் பிரித்துவிடலாம்.

புல்லும் நெல்லும்: சாடிரினே

மங்கிய நிறம், அடிச்சிறகில் வளையம் வளையமாய்க் கண்கள், நிழலில் தாழப் பறத்தல் ஆகியவை சாடிரினேயின் முகவரி. பலவற்றில் முன்சிறகு நரம்புகள் அடியில் ஊதியிருக்கும். புழு பச்சை, தலையில் இரு கொம்பு, பின்னால் பிளந்த வால். நெல் வயலில் கொம்புப் புழு என்று பூச்சிப் பட்டியலில் வருவது இந்தக் கூட்டத்து மெலானிடிஸ் லேடா, அதாவது ஈவினிங் பிரவுன்தான். சேதம் சொற்பம். பகலில் சருகுக்குள் கிடந்து அந்தியில் பறக்கும், பின்கட்டு விளக்குக்கும் வந்துவிடும். அந்துப்பூச்சி என்று துடைப்பத்தால் அடிக்கும் முன் உணர்கொம்பைப் பாருங்கள்: நுனி சற்றே தடித்திருந்தால் பட்டாம்பூச்சி.

இந்தப் பிரிவில்தான் ஆரம்பநிலைக்காரர்கள் அதிகம் சறுக்குவார்கள். இப்திமா பேரினத்துக் குட்டிப் பூச்சிகளைப் பின்சிறகின் அடிப்பக்க வளையங்களை எண்ணித்தான் பிரிப்பது வழக்கம். கார்த்திகையில் நாலு வளையம் தெளிவாகத் தெரியும். பங்குனியில் அதே இனத்தில் வளையம் வெறும் புள்ளியாகச் சுருங்கி, சிலவற்றில் தடமே இல்லாமல் போய்விடும். அப்போது எண்ணிப் பெயர் வைத்தால் தவறாகும். தேதி, இடம், அமர்ந்திருந்த செடி, இரண்டு கோணப் படம் இவற்றைக் குறித்துக்கொண்டு, ‘இப்திமா’ என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு அதே புல்வெளிக்கு மறுபடி போனால் இனப்பெயர் கிடைத்துவிடும்.